மன்னிப்புக்கு எத்தனை டிகிரி

தீயணைப்பு நிலையத்தில் அவருக்குக் கம்பம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஓய்வுபெற்று ஆண்டுகள் ஆன பிறகும் நாற்காலியில் சாய மாட்டார். செருப்பு மாட்டும்போது காலைத் தூக்குவாரே தவிரத் தலையைக் குனிய மாட்டார். அவருடைய அப்பா அதே நிலையத்தில் மணி அடித்தவர். இவர் ஏணி ஏறியவர். மகள் இவருக்குப் பின் அதே ஏணியில் ஏறியவள். மூன்று தலைமுறையில் அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டுக்கூட வந்ததில்லை. மகள் முழங்கால் நொறுங்கிப் படுத்த பிறகுதான் முதல் குற்றச்சாட்டு வந்தது.

வந்த தாளை அவர் நின்றுகொண்டே படித்தார். ஏணியைத் தவறான கோணத்தில் நிறுத்தி, துறையின் ஏணிக்கும் துறையின் நற்பெயருக்கும் சேதம் விளைவித்த உங்களை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று அது கேட்டது.

"பாத்தீங்களாப்பா," என்றாள் மகள், தலையணையில் சாய்ந்தபடி. "ஏணி முதல்ல, பேரு ரெண்டாவது. என் காலு கணக்குலயே வரல."

நடந்தது இதுதான். சுவரில் சாய்க்கும் ஏணி தரையோடு எழுபத்தைந்து டிகிரியில் நிற்க வேண்டும். குறைந்தால் அடி வழுக்கும். கூடினால் ஏறுகிற ஆளையும் சேர்த்துக்கொண்டு பின்பக்கம் மல்லாக்க விழும். அதற்காக ஏணியின் பக்கவாட்டில் ஊசி வைத்த ஒரு தட்டு உண்டு. ஊசி எழுபத்தைந்தில் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம்.

இப்படியிருக்கும்போது துறைக்குப் புதுத் தலைமை அதிகாரி வந்தார். ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போனவர், வெறுங்கையோடு திரும்பாமல் ஒரு முன்னேற்றத்தைக் கையோடு கொண்டுவந்தார். செங்கோணத்தைத் தொண்ணூறாகப் பிரிப்பது பழைய வழக்கமாம். நூறாகப் பிரிப்பதுதான் நாகரிகமாம். அந்த நூறில் ஒரு பங்குக்குக் கிரேடியன் என்று பெயர். பழைய எண்ணைப் பத்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் புதிய எண் வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற கணக்கு. அந்தக் கணக்குக்கு ஒரு மாடியைக் காலி செய்து, ஆட்களைப் போட்டு, 'கோண ஒருமைப்பாட்டுப் பிரிவு' என்று பலகை மாட்டினார்கள்.

பிரிவு சும்மா இருக்குமா. எந்தக் கோணத்தின் பக்கத்திலும் இனி அளவின் பெயரை எழுதக் கூடாது என்று முதல் உத்தரவு போட்டது. ஒரே அளவுதான் உண்டு என்றான பிறகு அதன் பெயரை எழுதுவது, இன்னொன்றும் இருக்கிறதோ என்ற சந்தேகத்தை வளர்க்குமாம். எந்த மேஜைக்கு எந்தக் கோணம் வந்தாலும் அந்த மேஜைக்காரர் அதைப் புதிய அளவுக்கு மாற்றிக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த மேஜைக்கு அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது உத்தரவு. மாற்றாமல் அனுப்புகிறவர் முன்னேற்றத்துக்கு எதிரி. ஏற்கெனவே மாற்றியதா என்று கேட்கிறவர் அதைவிடப் பெரிய எதிரி.

நிலையங்களுக்குச் சுற்றறிக்கை போனது. ஏணியின் கோணம் 83. அவ்வளவுதான், வெறும் எண். ஏணித் தட்டுகளோ பழைய டிகிரித் தட்டுகள். புதிய தட்டுகளுக்கு அடுத்த நிதியாண்டில் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

மகளுக்குச் சந்தேகம் வந்தது. தலைமையகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எண்பத்திமூணுன்னா எண்பத்திமூணுதாம்மா," என்றது மறுமுனை. "எண்ணு படிக்கத் தெரியாதவங்களையெல்லாம் வேலைக்கு எடுத்தா இப்படித்தான்."

அடுத்த வாரம் ஒரு துணிக்கடையின் மாடியில் தீ. உத்தரவுப்படி ஊசி எண்பத்துமூன்றுக்கு வரும்வரை ஏணியைச் செங்குத்தாக்கினாள். தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். பாதிக்கு மேல் போனதும் ஏணி சுவரைவிட்டு மெதுவாகப் பிரிந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வண்டி ஓட்டுநர் பின்னாளில் சொன்னார்: "கதவு தொறக்கிற மாதிரி வந்துச்சு பெரியவரே. ஒண்ணும் பண்ண முடியல."

கம்பம் சட்டையின் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டு தலைமையகத்துக்குப் புறப்பட்டார்.

"அங்க போய் யார்கிட்டயும் கத்தாதீங்க," என்றாள் மனைவி. "கொஞ்சம் வளைஞ்சு குடுத்துப் பேசுங்க. என்கிட்டதான் இந்த ஜென்மத்துல வளையல, அவங்ககிட்டயாவது வளைங்க."

கோண ஒருமைப்பாட்டுப் பிரிவில் பார்வையாளர் நாற்காலிகள் எல்லாம் விசித்திரமாக மல்லாந்து கிடந்தன. சாய்வுக் கோணத்தைப் புதிய எண்ணில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தச்சர் தன்னிடமிருந்த பழைய கருவியால் அளந்து செய்துவிட்டார். அதனால் அங்கே காத்திருந்தவர்கள் எல்லாரும் பல் வைத்தியரிடம் வந்தவர்களைப் போல் கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள். கம்பம் எந்த நாற்காலியிலும் சாயாதவர் ஆகையால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரிவின் கண்காணிப்பாளருக்கு அலுவலகத்தில் பத்தால்பெருக்கி என்று பெயர். நல்ல மனிதர். யாருக்கும் தீங்கு நினைக்காதவர். நினைக்கும் பழக்கமே இல்லாதவர்.

"உங்க பொண்ணு ஏணியை எதுல வச்சாங்க?"

"எண்பத்திமூணுல."

"உத்தரவு எவ்வளவு?"

"எண்பத்திமூணு."

"பிரச்சினையே அதுதானுங்களே," என்றார் கண்காணிப்பாளர் பரிவோடு. "தட்டு பழைய தட்டு. அதுல எண்பத்திமூணுன்னா நம்ம அளவுல தொண்ணூத்திரண்டு. ஒன்பது கூட வச்சிருக்காங்க. ஏணி விழாம என்ன செய்யும்?"

"அப்ப பழைய தட்டுல எவ்வளவு வச்சிருக்கணும்?"

கண்காணிப்பாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். "எழுபத்தஞ்சு."

"அதைச் சுற்றறிக்கையில சொன்னீங்களா?"

"அதெப்படிச் சொல்லுவோம்? எழுபத்தஞ்சு பழைய எண்ணு. அதை ஒழிச்சாச்சே."

"சந்தேகம்னு அவ கேட்டாளே. உங்க ஆபீஸ்தானே பதில் சொல்லுச்சு?"

"கேட்டதுதான் தப்புக்கு ஆதாரமே. சந்தேகத்தோட ஏறியிருக்காங்க. சந்தேகத்தோட ஏறினா ஏணி ஆடத்தானே செய்யும்?"

அடுத்த முறை போனபோது மகளின் குற்றம் வளர்ந்திருந்தது. தொண்ணூற்றிரண்டு சட்ட மேஜைக்குப் போயிருக்கிறது. சட்ட மேஜைக்காரர் விதிப்படி அதைப் பத்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்து நூற்றிரண்டு ஆக்கிக் கையெழுத்திட்டிருந்தார்.

"நூத்திரண்டுன்னா செங்கோணத்தையே தாண்டிடுச்சு," என்றார் கண்காணிப்பாளர், குரலைத் தாழ்த்தி. "சுவரைவிட்டு வெளிப்பக்கமா சாஞ்ச ஏணியில ஏறியிருக்காங்க. ஆகாயத்துல சாத்தியிருக்காங்க, பெரியவரே."

"ஆகாயத்துல ஏணி நிக்குமா?"

"நிக்கலியே. அதனாலதானே விழுந்துச்சு."

கம்பம் எழுந்து நின்றார். முப்பது வருஷம் நெருப்புக்குள் போய் வந்த மனிதர் அவர். ஒரு காகிதத்தின் முன்னால் மூச்சுத் திணறியது அதுதான் முதல் தடவை. அவர் வாயைத் திறப்பதற்குள் கண்காணிப்பாளர் கையைக் காட்டித் தடுத்தார்.

"ஒரு வழி இருக்கு. தலைமை அதிகாரி ஐயாவுக்கு இளகின மனசு. பழைய மரியாதை விதிகள்ல மன்னிப்பு வணக்கம்னு ஒண்ணு இருக்கு. எல்லா நிலையத்து ஆளுங்களும் பாக்க, உங்க நிலையத்து மைதானத்துல, தப்பு பண்ணினவங்க ஐயா முன்னால செங்கோணமா வளையணும். அவங்க எந்திரிக்க முடியாதுன்னா குடும்பத்துல மூத்தவர் வளையலாம். ஐயாவும் அதுல பாதி வளைஞ்சு ஏத்துக்குவார். அந்தக் காலத்துப் பெருந்தன்மை பாருங்க, பாதி! அதோட வழக்கு முடிஞ்சது."

"வளையலன்னா?"

"பணிநீக்கம். நீக்கினா துறை ஆஸ்பத்திரியில அனுமதி கிடையாது. முழங்காலுக்கு இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கில்ல?"

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கம்பம் சொன்னதும் மகள் எழுந்து உட்காரப் பார்த்தாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பப் படுத்தாள்.

"வளையாதீங்கப்பா. நான் தப்பு பண்ணல. நீங்க வளைஞ்சா நான் பண்ணினேன்னு ஆயிடும். வேலை போனாப் போகட்டும்."

"காலு?"

மகள் போர்வையை இழுத்து மாவுக்கட்டை மூடினாள். மனைவி அன்றைக்கு அவரைக் கேலி செய்யவில்லை. அவருடைய சட்டையை மடித்து வைத்தாள். "தாத்தா மணியடிச்ச மைதானம்," என்று மட்டும் சொன்னாள், யாரிடம் என்றில்லாமல்.

அவர் சம்மதம் சொல்லிவிட்டார். சொன்ன நாளில் சாப்பிடவில்லை.

மன்னிப்பு வணக்கக் கோப்பு தயாரானது. விதிப்புத்தகத்தில் செங்கோணம், தொண்ணூறு என்றிருந்தது. கண்காணிப்பாளர் அதை நூறாக்கி அனுப்பினார். தேதி கேட்கப் போன கம்பத்திடம், கோப்பு சட்ட மேஜையில் ஒப்புதல் பெற்றுவிட்டது, கோணம் நூற்றுப்பதினொன்று என்றார்.

"போன தடவை செங்கோணம்னீங்க."

"சட்ட மேஜையில மாத்தியிருப்பாங்க. அவங்க கடமை அது. இப்ப வாகன மேஜைக்குப் போகுது."

கம்பம் கத்துவதற்காக வாயைத் திறந்தார். பிறகு என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் மகளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் பேனாவை வாங்கி, தன் காலில் போட்டிருந்த மாவுக்கட்டின் மேலேயே கணக்குப் போட ஆரம்பித்தாள். நூற்றுப்பதினொன்று, நூற்றிருபத்துமூன்று, நூற்றுமுப்பத்தேழு. எண்கள் கணுக்காலை நோக்கி இறங்கின. விழுந்ததற்குப் பிறகு அவள் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல அது.

"அப்பா, புது அளவுல ஒரு முழுச் சுத்துக்கு எவ்வளவு?"

"நாலு நூறு. நானூறு."

"நானூறு வளைஞ்சா எப்படி நிப்பீங்க?"

அவர் யோசித்தார். நேராக நிமிர்ந்தார். அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, ஏற்கெனவே அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தக் கோப்பு இன்னும் எல்லா மேஜைக்கும் போகணும்பா. ஒண்ணு விடாம."

மறுநாளிலிருந்து தலைமையகத்தில் கம்பத்தைப் போல மரியாதை தெரிந்த மனிதர் இல்லை என்று பேச்சாகிவிட்டது. கணக்கு மேஜைக்காரர் பார்த்துவிட்டாரா என்று கேட்டார். சீருடைப் பிரிவுக்குத் தெரியாமல் மன்னிப்புக் கேட்பது முறையா என்று கேட்டார். குதிரைத் தீவன மேஜையைக்கூட அவர் விடவில்லை. துறையில் கடைசிக் குதிரை செத்து அரை நூற்றாண்டு ஆகியும், அந்த மேஜைக்கு ஓர் அதிகாரி இருந்தார். இத்தனை காலமாக யாருமே அவருக்கு ஒரு கோப்பும் அனுப்பியதில்லை. கோணம் வந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை சரிபார்த்து, பத்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தார்.

"இவ்வளவு அக்கறையா மன்னிப்புக் கேக்குறவரை நான் பாத்ததே இல்ல," என்று கண்காணிப்பாளர் நெகிழ்ந்தார்.

கடைசியில் தலைமை அதிகாரியின் மேஜைக்குப் போனபோது கோணம் முந்நூற்றுத் தொண்ணூற்றுமூன்றாக இருந்தது. தலைமை அதிகாரி அரைகுறை எண்களை வெறுப்பவர். துறையின் கௌரவத்துக்கு முழு நூறாக இருக்கட்டும் என்று தன் கையாலேயே நானூறு என்று எழுதி, பெரியதாகக் கையெழுத்துப் போட்டார்.

வணக்க நாளன்று நிலையத்தின் பயிற்சி மைதானத்தில் எல்லா நிலையத்து ஆட்களும் வரிசையாக நின்றார்கள். மகளைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓட்டுநர் தள்ளிக்கொண்டு வந்தார். ஒலிவாங்கி முன் தலைமை அதிகாரி வந்து நின்றார். தொப்பி, பொத்தான், பதக்கம், வயிறு எல்லாம் பளபளத்தன.

"சில பேர் என்கிட்ட கேக்குறாங்க," என்று ஆரம்பித்தார். "இந்த மாற்றத்தால தீ விபத்து குறைஞ்சிருக்கான்னு. குறையல. ஆனா தீ விபத்தைப் பத்தின அறிக்கைகள் எல்லாம் இன்னிக்கு ஒரே அளவுல இருக்கு. இது சாதாரண விஷயமில்ல. முன்னெல்லாம் ஒரு விபத்து நடந்தா யார் மேல தப்புன்னு கண்டுபிடிக்க மாசக்கணக்காகும். இப்ப விபத்து நடக்கிறதுக்கு முன்னாடியே துறை மேல தப்பில்லன்னு நமக்குத் தெரிஞ்சிடுது. கீழ விழுந்தவங்களை நினைச்சு நான் வருத்தப்படுறேன். ஆனா அளவு விழல. அளவு நிக்குது. அதுதான் முக்கியம்."

கைதட்டச் சொன்னார்கள். கைதட்டினார்கள்.

கண்காணிப்பாளர் கோப்பைத் திறந்து படித்தார். "மன்னிப்பு வணக்கம். செய்பவர், குடும்பத்தின் மூத்தவர். கோணம் நானூறு. ஏற்பவர், தலைமை அதிகாரி. விதிப்படி அதில் பாதி."

கம்பம் நடந்துபோய்த் தலைமை அதிகாரிக்கு எதிரே நின்றார். நேராக நின்றார். மைதானம் காத்திருந்தது. கொடி படபடத்தது. அவர் அசையவில்லை.

"ம், ஆரம்பிங்க," என்றார் தலைமை அதிகாரி.

"முடிஞ்சிடுச்சு சார்."

"என்ன முடிஞ்சிடுச்சு?"

"நூறு வளைஞ்சா முதுகு தரைக்குச் சமமா இருக்கும். இருநூறு வளைஞ்சா தலை என் கால்ல இடிக்கும். நானூறு வளைஞ்சா முழுசாச் சுத்தி நிமிர்ந்துடுவேன். நிமிர்ந்துதான் நிக்கிறேன். சந்தேகம்னா அளந்து பாக்கச் சொல்லுங்க."

சந்தேகம் என்ற சொல் காதில் விழுந்ததும் கண்காணிப்பாளர் கருவியோடு ஓடிவந்தார். கம்பத்தின் முதுகில் வைத்துப் பார்த்தார். தாளில் ஒரு வட்டம் வரைந்தார். தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு கணக்கின் அர்த்தத்தைப் பார்த்தவர் போல அவர் முகம் மாறியது.

"சரியாத்தான் இருக்கு சார்," என்றார். "நானூறேதான்."

வரிசையில் யாரோ இருமுவது போல் சிரித்தார்கள்.

"இப்ப உங்க பாதி, சார்," என்றார் கம்பம். "இருநூறு."

தலைமை அதிகாரி கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் கோப்பைப் பார்த்தார். நானூறு என்று பெரியதாக எழுதியிருந்தது, கீழே அந்தக் கையெழுத்து. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை அதிகாரி கொஞ்சம் குனிந்தார். பதக்கங்கள் முன்பக்கம் தொங்கி ஆடின. இன்னும் கொஞ்சம் குனிந்தார். தொப்பி விழுந்து உருண்டு ஓட்டுநரின் காலடியில் நின்றது. ஓட்டுநர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. வயிறு தொடையில் இடித்ததும் தலைமை அதிகாரி முகம் சிவந்து நிமிர்ந்தார்.

"முட்டாள்தனமா இருக்கு. அந்த எண்ணு தப்பு."

"எந்த எண்ணு சார்?"

"நானூறு! மாத்தினதையே திரும்பத் திரும்ப மாத்தியிருக்கானுங்க. பழைய அளவுல தொண்ணூறு. அதுதான் சரியான எண்ணு. எந்த அளவுன்னு பேர் போடாம எழுதினா இப்படித்தான் ஆகும்."

"அப்ப பேர் போடாத எண்ணை நம்பக் கூடாதுங்கிறீங்க."

"நம்பக் கூடாது!"

"மைக்ல சொல்லுங்க சார். பின்வரிசைக்குக் கேக்கல."

கோபத்தில் இருந்த மனிதர், ஒலிவாங்கியை இழுத்து உரக்கச் சொன்னார். "பேர் போடாத எண்ணை எவனும் நம்பக் கூடாது!"

கம்பம் சக்கர நாற்காலியின் பக்கம் கையைக் காட்டினார்.

"என் பொண்ணு நம்பிட்டா சார்," என்றார். "நீங்க போட்ட எண்ணுன்னு நம்பிட்டா."

யாரும் சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது. கம்பம் திரும்பி நடந்தார். மன்னிப்பு ஏற்கப்பட்டதா இல்லையா என்று அவரும் கேட்கவில்லை, யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. கலைந்து போனவர்கள் தங்கள் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஏணித் தட்டுகளில் எழுபத்தைந்தின் மேல் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டார்கள். அதற்கு எந்த மேஜையிலும் கையெழுத்து வாங்கவில்லை.

வழக்கு கைவிடப்பட்டது. 'இரு தரப்பிலும் கோணப் புரிதல் இன்மை' என்று காரணம் எழுதினார்கள். துறையின் ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. தலைமை அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. பிரிவு இன்னும் அதே மாடியில் இருக்கிறது.

கட்டுப் பிரித்த நாளில் மருத்துவர் மகளின் முழங்காலில் பிளாஸ்டிக் கோணமானியை வைத்து, மெதுவாக மடக்கச் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாள். ஊசி நகர்ந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை.

"நாப்பது," என்றார் மருத்துவர். "ஏணி ஏறணும்னா இதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல மடங்கணும். இனிமே இவ்வளவுதான்மா."

"எந்த அளவுல டாக்டர்?" என்று கேட்டாள் மகள். சிரிப்பதற்காகத்தான் கேட்டாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

கம்பம் கட்டிலின் பக்கத்தில் நின்றிருந்தார். மைதானத்தில் வளையாத மனிதர், மகளின் காலடியில் கிடந்த செருப்பை எடுக்கக் குனிந்தார். முழுக்கக் குனிந்து, அந்தச் செருப்பை அவள் காலில் தன் கையாலேயே மாட்டிவிட்டார்.

நாற்பது நாற்பதாகவே இருந்தது. அதைப் பத்தால் பெருக்க எந்த மேஜையிலிருந்தும் யாரும் வரவில்லை.